தேக்காவில் ஓர் இடையியல்

சிங்கப்பூரின் ஒரு வெள்ளிக் காசு கையில் இருந்தால் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நாட்டுச் சின்னம் இருக்கும். சிங்கமும் புலியும் கேடயத்தைத் தாங்கி நிற்க, அடியில் ஒரு நாடா. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தால் நாடாவில் ‘மஜூலா சிங்கப்பூரா’ என்ற மலாய் வாசகம் தெரியும். சுபிர் சயித் 1958இல் இசையமைத்து, 1959இல் தேசிய கீதமாகிய பாட்டின் பெயரும் அதுதான். ‘மஜூ’ என்றால் முன்னேறு. கடைசியில் ஒட்டியிருக்கும் ‘லா’ அந்த ஏவலின் விறைப்பைத் தளர்த்தி, ‘முன்னேறுவாயாக’ என்று ஆக்குகிறது. சிங்கப்பூரர் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இப்படிச் சில லாக்கள் சில்லறையாகக் கிடக்கின்றன.

இந்த லாவும், ஆங்கிலத்தின் கடைசியில் தெருவெங்கும் கேட்கிற ‘ஓகே லா’வின் லாவும் ஒன்றேதானா என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. மலாய் என்பார் உண்டு, ஹொக்கியன் என்பார் உண்டு, காண்டனீஸ் என்பாரும் உண்டு. மூன்றும் ஒரே சந்தையில் நூற்றைம்பது ஆண்டு தோளுரசி நின்ற மொழிகள். எந்த வீட்டுப் பிள்ளை என்று இனிக் கண்டுபிடிப்பது கடினம். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி இணையத்தில் ஏறியபோதே அதில் இந்த லாவுக்கு இடம் இருந்தது. அடுத்த மாதமே சிங்கப்பூர் அரசாங்கம் ‘நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம்’ தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்ட சொல்லை ஊரில் எழுந்து போகச் சொன்னார்கள். ஒரே ஆண்டில் இவ்வளவு மரியாதையும் இவ்வளவு அவமானமும் வேறெந்த ஓரெழுத்துச் சொல்லுக்கும் கிடைத்திருக்காது.

எனக்கு இந்த லாவின் மீதும் அதன் தம்பி தங்கைகள் மீதும் நெடுநாள் பிரியம். அதற்குக் காரணம் தமிழ். ஆங்கிலம் படித்த ஒருவர் ‘லா’வைக் கேட்டால் அது பொருளில்லாத ஒட்டு என்று நினைக்கக்கூடும். தமிழ் படித்தவர் அப்படி நினைக்க நியாயமில்லை. நம்மிடம் இவற்றுக்கென்றே தனி இயல் இருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ஏழாவது இயல் இடையியல். பெயருமல்லாமல் வினையுமல்லாமல், தனியே நடக்கத் தெரியாமல், பிறசொற்களைச் சார்ந்தே பொருள் தரும் சிறுசொற்களுக்கு அங்கே முழு மரியாதை. ஏகாரத்துக்கு ஐந்து பொருள், ஓகாரத்துக்கு ஆறு, உம்மைக்கு எட்டு என்று ஒவ்வொன்றையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். தேற்றம், ஐயம், எதிர்மறை, ஒழியிசை, ஈற்றசை என்ற அந்தப் பெயர்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோகிறோம். மறந்ததை நினைவூட்டச் சிறந்த இடம், என்னைக் கேட்டால், சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் இருக்கும் தேக்கா நிலையம்.

தேக்கா என்ற பெயரே ஹொக்கியன். சிறு மூங்கில்கள் அடர்ந்த இடத்தின் அடிவாரம் என்பதிலிருந்து வந்தது. பக்கத்தில் பஃபலோ ரோடு. அதற்கு இணையாக ஓடுவது கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான். ஒரே எருமைக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு வைத்த ஊரில், ஈரச்சந்தையின் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் நின்றால் இது போன்ற ஒரு பேச்சு காதில் விழும். வாங்குபவர் ஒரு சீன மூதாட்டி. விற்பவர் தமிழர்.

“அண்ணே, டுடே மட்டன் ஃப்ரெஷ் ஆ?”

“ஃப்ரெஷ் லா, ஆன்ட்டி.”

“ஃப்ரெஷ் மே? கலர் லைக் தட் ஒன்.”

“மார்னிங் ஜஸ்ட் கம் வாட்.”

“ஓகே லோர். ஒன் கிலோ. டோன்ட் கிவ் மீ ஃபேட் ஹோர்.”

அரை நிமிடப் பேச்சு. இதிலுள்ள பெயர்களையும் வினைகளையும் நீக்கிவிட்டு ஆ, லா, மே, வாட், லோர், ஹோர் என்ற ஆறை மட்டும் வைத்துக்கொண்டாலும் கதை முழுதாக இருக்கிறது: கேள்வி, உறுதி, சந்தேகம், மறுப்பு, சமாதானம், எச்சரிக்கை. நாடகத்துக்கு வேண்டியது எல்லாம் உண்டு.

முதலில் வருகிற ‘ஆ’ நமக்கு அறிமுகமே வேண்டாதது. ‘வந்தாயா’வின் ஆ. ஆங்கிலத்தில் கேள்வி கேட்க ‘இஸ்’ஸைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். இங்கே வாக்கியத்தை அப்படியே விட்டுக் கடைசியில் ஓர் ஆ போட்டால் போதும். ஆனால் நம் ஆவுக்கு உள்ள சுதந்திரம் அந்த ஆவுக்கு இல்லை. ‘இன்னைக்கா வந்தது?’, ‘மட்டனா வந்தது?’, ‘வந்ததா மட்டன்?’ என்று நாம் எந்தச் சொல்லின் மீது வேண்டுமானாலும் ஏற்றிவிடுவோம். தேக்கா ஆ கேள்வியின் கடைசியைவிட்டு நகராது.

கடைக்காரரின் ‘லா’ இரண்டு வேலை செய்கிறது. ஃப்ரெஷ் என்று அறுதியிட்டுச் சொல்வது ஒன்று. ‘உங்களிடம் நான் பொய் சொல்வேனா’ என்று உரிமை கொண்டாடுவது இன்னொன்று. ‘ஃப்ரெஷ்தாம்மா’ என்று நாம் சொல்லும்போது ‘தான்’ ஒரு வேலையையும் ‘அம்மா’ இன்னொரு வேலையையும் பிரித்துச் செய்கின்றன. லா இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது. அதனால்தான் மேலதிகாரியிடம் லா போடத் தயங்குகிறார்கள். அங்கே உரிமை கொண்டாட முடியாது. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் உற்சாகத்தில் ‘ஹலோ லா’, ‘வாட் இஸ் யுவர் நேம் லா’ என்று எங்கும் தெளிப்பதைக் கேட்டால் உள்ளூர்க்காரர் முகம் சுளிப்பதும் இதனால்தான். வணக்கத்தில் அறுதியிட என்ன இருக்கிறது? பெயரைக் கேட்கிறவன் எதை உறுதிப்படுத்துகிறான்? இலக்கணம் இல்லை என்று சொல்லப்படும் பேச்சில் இலக்கணப் பிழை செய்ய முடிகிறது என்பதே அதற்கு இலக்கணம் இருப்பதற்குச் சாட்சி.

‘மே’தான் என் செல்லம். காண்டனீஸிலிருந்து வந்தது. ‘ஃப்ரெஷ் ஆ?’ என்பது தெரியாமல் கேட்பது. ‘ஃப்ரெஷ் மே?’ என்பது தெரிந்துகொண்டே கேட்பது. கேட்கிறவர் மனத்தில் ‘இல்லை’ என்ற பதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு புருவமும் அரை வாக்கியமும் வேண்டும். தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ‘ஃப்ரெஷ்ஷா என்ன?’ என்போம். ‘அவனுக்கு நீச்சல் தெரியுமா என்ன?’ என்பதில் வரும் என்னவும் மேவும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் நம்பாமை இருக்கிறது. ஆனால் கதவை முழுக்கச் சாத்தாத நம்பாமை. நீச்சல் தெரியும் என்று நிரூபித்தால் ஒப்புக்கொள்ளலாம் என்ற சிறு சந்து விட்டிருக்கிறது.

அதற்குக் கடைக்காரர் கொடுக்கும் ‘வாட்’டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது வினாச்சொல். இங்கே கேள்வியின் சாயலே இல்லாமல், குரல் தாழ்ந்து, ‘காலைலதானே வந்துச்சு’ என்கிறது. இதுகூடத் தெரியவில்லையா என்ற இலேசான இடிப்பும் அதில் உண்டு. ‘ஐ டோல்ட் யூ வாட்’ என்றால் ‘சொன்னேனே!’ ‘இட்ஸ் தேர் வாட்’ என்றால் ‘அங்கதான் இருக்கே!’ தொல்காப்பியர் தேற்றம் என்ற ஏகாரம் அப்படியே வந்து நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் தமிழிலும் சீன–ஆங்கிலக் கலப்பிலும் கேள்விச் சொல்லே வேலை மாறியிருக்கிறது. ஆனால் எதிரெதிர்த் திசையில். நம் ‘என்ன’ சந்தேகத்தின் பக்கம் போனது. அவர்களுடைய ‘வாட்’ அடித்துப் பேசும் பக்கம் போனது.

‘ஓகே லோர்’ என்று மூதாட்டி சொன்னதில் சம்மதம் பாதிதான். மீதி, ‘வேறென்ன செய்ய’. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் லயனல் வீ 2002இல் இந்த ஒரு லோருக்காகவே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். வெளிப்படையாகத் தெரிவதைச் சொல்வதும், மாற்ற முடியாததை ஏற்பதும் அதன் குணங்கள். மழை பெய்கிறது, டாக்சி கிடைக்கவில்லை, ‘வாக் லோர்’. அந்த லோரில் கோபம் கிடையாது, புலம்பலும் கிடையாது. ‘நடக்க வேண்டியதுதான்’ என்ற தமிழ் வாக்கியத்தில் ‘வேண்டியதுதான்’ எந்த முகத்தோடு வருமோ அந்த முகம். ‘ஓகே லா’ என்று சொல்பவர் உங்களோடு சேர்ந்து முடிவெடுக்கிறார். ‘ஓகே லோர்’ என்று சொல்பவர் முடிவை உங்கள் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். வீட்டில் மனைவியோ கணவரோ எதைச் சொன்னார்கள் என்று கவனிக்காமல் விடுவது ஆபத்து.

கடைசியில் வந்த ‘ஹோர்’ கட்டளையைக் கேட்டவரின் ஒப்புதலுக்கு விடுகிறது. ‘கொழுப்புப் போடாதீங்க, என்ன?’ நம் ‘என்ன’ இங்கேயும் வந்துவிட்டது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தமிழன் இத்தனை வேலை வாங்குகிறான் என்பது ஹோரையும் மேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஏகாரக் கதை இன்னும் சுவையானது. ‘டோன்ட் நோ லே’ என்று ஒரு பேச்சு. ‘தெரியலையே’ என்பதன் அச்சு அசல். ‘நோ டைம் லே’, நேரமில்லையே. அடித்துப் பேசாமல், கேட்டவர் மனம் கோணாமல், சற்றே வருந்தி மறுக்கும் ஏகாரம் இது. மேலே பார்த்த ‘சொன்னேனே’வில் உள்ளதும் ஏகாரந்தான். ஆனால் அது மோதுகிற ஏகாரம். தமிழ் இரண்டுக்கும் ஒரே உயிரெழுத்தை வைத்துக்கொண்டு வேறுபாட்டைக் குரலுக்கு விட்டுவிட்டது. சிங்கப்பூர் ஆங்கிலம் மோதுவதற்கு வாட், குழைவதற்கு லே என்று பங்கு பிரித்துவிட்டது. இந்த ஓர் இடத்தில் அவர்கள் நம்மைவிடக் கணக்காக இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. திருநெல்வேலிக்காரர் ஒருவர் முதன்முதலாக இந்த லேயைக் கேட்டு, ‘என்னைய ஏலேன்னு கூப்பிடுதானா’ என்று திகைத்தால் அவரையும் குறை சொல்ல முடியாது.

ஆந்தியா ஃபிரேசர் குப்தா என்ற மொழியியலாளர் 1992இல் இந்தச் சிறுசொற்களை உறுதியின் அளவைக் கொண்டு ஒரு வரிசையில் நிறுத்திப் பார்த்தார். அடித்து மறுப்பவை ஒரு முனை. தயங்கிக் கேட்பவை மறுமுனை. சிங்கப்பூரர் பெரும்பாலோர் இந்த வரிசையைப் படித்தவரில்லை. ஆனாலும் ஐந்து வயதுப் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்கும்போது ஹோரில் தொடங்கி லாவுக்குத் தாவும் நேரம் பார்த்துத் தாவும்.

இந்தச் சொற்களெல்லாம் ஏறி விளையாடும் களம் ‘கேன்’ என்ற இன்னொரு சிறுசொல். ஆங்கிலத்தில் அது துணைவினை. எழுவாயும் வேண்டும், பின்னால் ஒரு வினையும் வேண்டும். சிங்கப்பூரில் அதற்கு யாருடைய துணையும் வேண்டாம். ‘கேன் ஆர் நாட்?’, ‘கேன்.’ முழு ஒப்பந்தமும் முடிந்தது. ‘கேன் கேன்’ என்று இரட்டித்தால் கவலையே வேண்டாம் என்பது பொருள். ‘கேன் லா’ நம்பிக்கை. ‘கேன் லோர்’ என்றால் செய்கிறேன், ஆனால் மகிழ்ச்சியாக இல்லை. ‘கேன் மே?’ என்றால் உன்னால் ஆகாது. ‘கேன் லே’ என்றால் முடியும்போலத்தான் இருக்கிறது, உனக்கு ஏன் சந்தேகம். ‘கேன் வாட்’ என்றால் போன வாரமும் இதைத்தானே செய்தோம். வேறு ஊரிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் முதல் ஆறு மாதத்தில் கற்க வேண்டிய வணிக மொழி இவ்வளவுதான். ‘கேன் லோர்’ என்று பதில் வந்த மின்னஞ்சலை நம்பித் தேதி குறிப்பவர் பிறகு வருத்தப்படுவார்.

இதுவரை சொன்னவற்றில், வாட்டையும் கேனையும் தவிர, மற்றவை சீனத்திலிருந்தும் மலாயிலிருந்தும் வந்து ஒட்டியவை. இவற்றைவிட நயமானவை, ஆங்கிலமாகவே பிறந்து இங்கே வந்து ஞானஸ்நானம் மாறிய சொற்கள். ‘ஆல்ரெடி’, ‘ஒன்’, ‘ஆல்சோ’, ‘நெவர்’. உடை ஆங்கிலம், உள்ளே இருப்பவர் வேறு.

‘ஐ ஈட் ஆல்ரெடி.’ ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையை எடுப்பார். சாப்பிட்டாச்சு என்று சொல்லத் தெரிந்தவருக்கு இதில் என்ன குறை தெரியும்? சீனத்தில் ‘லெ’ என்று ஒரு துணுக்கு உண்டு. வினை முடிந்தது என்பதையும் நிலை மாறியது என்பதையும் காட்டுவது. அந்த லெ ஆல்ரெடியின் உடையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பது பேராசிரியர் பாவ் ஸிமிங் முதலானோர் விளக்கம். அதனால்தான் ‘ரெய்ன் ஆல்ரெடி’ என்றால் மழை பெய்து முடிந்தது என்று ஆகாது. மழை வந்துவிட்டது, துணியை எடு என்று ஆகிறது. ‘மை சன் வொர்க் ஆல்ரெடி’ என்றால் மகன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். ‘பையன் வேலைக்குப் போயாச்சு’ என்று நாம் பெருமையாகச் சொல்வதில் உள்ள ஆச்சும் அதே அறிவிப்புத்தான்: நேற்றுவரை ஒரு நிலை, இன்று வேறு நிலை. ஆங்கிலத்தின் ‘ஆல்ரெடி’க்கு எதிர்பார்த்ததைவிட முன்னதாக என்ற ஒரு நிழல் உண்டு. இங்கே அந்த நிழலைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

‘ஒன்’ இன்னும் குறும்புக்காரன். ‘தட் பாய் வெரி நாட்டி ஒன்.’ இது எண் இல்லை. ‘ஒருவன்’ என்றும் இல்லை. ‘அந்தப் பையன் அப்படித்தான், அது அவன் சுபாவம்’ என்று முத்திரை குத்துகிற ஒன். ‘திஸ் ஒன் மை சிஸ்டர் கிவ் ஒன்’ என்ற வாக்கியத்தில் இரண்டு ஒன். முதலாவது சுட்டுகிறது. இரண்டாவது, ‘இது எங்க அக்கா கொடுத்தது’ என்பதன் கடைசித் து. கொடுத்தது, வந்தது, பெரியது என்று நாம் வினையையும் பண்பையும் பெயராக்கும் துவின் வேலையைச் சீனத்தில் ‘தெ’ செய்கிறது. அதைச் சிங்கப்பூரில் ஒன் எடுத்துக்கொண்டது. தேக்காவில் மூதாட்டி ‘கலர் லைக் தட் ஒன்’ என்றது, ‘நிறம் இப்படியா இருக்கும்’ என்ற குற்றச்சாட்டு. குற்றம் சாட்ட ஓர் எண்ணுப்பெயரைக் கையில் எடுத்தவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

உம்மையை மிகவும் நேசிப்பவர்கள் ‘ஆல்சோ’விடம் வந்தாக வேண்டும். ‘ஐ ஆல்சோ வான்ட்’ என்பது ‘எனக்கும் வேணும்’. அது சாதாரண எச்ச உம்மை. ‘லைக் தட் ஆல்சோ கேன்?’ இப்படியும் முடியுமா? இதில் வியப்பு ஏறிவிட்டது. சிறப்பு உம்மை. ‘எவ்ரிபடி ஆல்சோ கோ’, எல்லாரும் போறாங்க. முற்று உம்மை. ‘ஐ ஸே ஆல்சோ நோ யூஸ்’, நான் சொன்னாலும் பயனில்லை. ‘ஹீ கம் ஆல்சோ கெனாட்’, அவன் வந்தாலும் ஆகாது. ஆங்கிலத்தில் இதற்கு ஈவன், இஃப், ஆல்தோ என்று வாக்கியத்தின் முன்வாசலில் காவல் நிறுத்த வேண்டும். ஆல்சோ பின்வாசல் வழியாக வந்து, முன்னால் சொன்னதையெல்லாம் ஒரே உலுக்கில் ‘சொன்னாலும்’ ஆக்கிவிடுகிறது. உம்மைக்கு எட்டுப் பொருள் என்று படித்தபோது, எட்டையும் ஒரே ஓசைக்குள் எப்படி அடைத்தார்கள் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஆல்சோ நம் கண்முன்னால், ஒரு நூற்றாண்டுக்குள், அந்தப் பாதையில் பாதிக்கு மேல் நடந்து வந்துவிட்டது. ஓர் இடைச்சொல் பிறந்து வளர்வதைப் பார்க்கும் வாய்ப்பு இலக்கணக்காரர்களுக்கு எளிதில் கிடைக்காது.

‘நெவர்’ பாவம், தன் ஆயுள் முழுவதையும் இழந்தது. ‘ஒருபோதும்’ என்ற அதன் நீண்ட காலம் போய், ‘ஐ நெவர் ஈட்’ என்றால் ‘நான் சாப்பிடல’ என்ற அளவில் நிற்கிறது. காலையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். இதைக் கேட்ட இலண்டன்காரர் ஒருவர் இந்த மனிதர் எப்படி உயிரோடு இருக்கிறார் என்று வியக்கலாம்.

உதிரியாகவும் சில. யாராவது தெரிந்ததையே கேட்டால் பதிலுக்கு வரும் ‘தென்?’ நம் ‘பின்னே?’யின் உடன்பிறப்பு. ‘இஸ் இட்?’ என்பது ‘அப்படியா?’ ஆங்கிலத்தில் ஆர்ன்ட் யூ, டிட்ன்ட் தே, வோன்ட் ஷீ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்ற வேண்டிய வால்களை எல்லாம் வெட்டிவிட்டு, நாம் இல்லையா என்ற ஒன்றால் சமாளிப்பதுபோல் அவர்கள் இஸ் இட்டால் சமாளிக்கிறார்கள். ‘காட்’ என்றால் இருக்கிறது. ‘காட் சேஞ்ச்?’, சில்லறை இருக்கா? அதையே ‘வேர் காட்!’ என்று திருப்பினால், மலாயின் ‘மானா அடா’ வழியில், ‘எங்கே இருக்கு! அதெல்லாம் இல்லை’ என்ற முழு மறுப்பு. ‘ஆன் தி ஃபேன்’, ‘ஆஃப் தி லைட்’ என்று முன்னிடைச்சொற்களை வினைகளாக்கியதைப் பற்றி நாம் வாய் திறக்கக் கூடாது. நாமே ஃபேனை ஆன் பண்ணி லைட்டை ஆஃப் பண்ணுகிறவர்கள். ‘பிளர்’ என்ற வினை இங்கே ஒரு மனிதனின் குணம். எதுவும் புரியாமல் மந்தமாக நிற்பவர் ‘பிளர்’. அதிலும் உச்சம், ‘பிளர் லைக் சோத்தோங்’. சோத்தோங் என்றால் கணவாய். மையைக் கக்கித் தன்னைச் சுற்றித் தானே இருட்டாக்கிக்கொள்ளும் பிராணி. இந்த பிளரையும் சோத்தோங்கையும் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி 2016இல் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவு நயம் உள்ள பேச்சுக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்கவில்லை. 1975இல் ஜான் பிளாட் என்ற ஆய்வாளர் சிங்கிலிஷ் என்ற பெயரோடு இதை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தார். 1980இல் கவிஞர் ஆர்தர் யாப், அடுக்குமாடி வீட்டு விளையாட்டுத் திடலில் இரண்டு தாய்மார் தம் பிள்ளைகளைப் பற்றிப் பீற்றிக்கொள்வதை அவர்கள் வாய்மொழியிலேயே கவிதையாக்கினார். 1997இல் தொலைக்காட்சிக்கு வந்த புவா சூ காங் என்ற மஞ்சள் பூட்ஸ் குத்தகைக்காரர் இந்தப் பேச்சாலேயே ஊரைச் சிரிக்க வைத்தார். சிரிப்பு மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. 1999 தேசிய தினப் பேருரையில் பிரதமர் கோ சோக் டோங், புவா சூ காங் ஆங்கில வகுப்புக்குப் போக வேண்டும் என்றார். கற்பனைப் பாத்திரம் நாடகத்தில் வகுப்புக்கும் போனது. 2016இல் கவிஞர் குவீ லீ சுவீ அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் சிங்கிலிஷைக் கொண்டாடி எழுத, பிரதமரின் செய்திச் செயலாளர் மறுப்புக் கடிதம் அனுப்பினார். நல்ல ஆங்கிலத்தைக் கற்பது பல சிங்கப்பூரர்களுக்கு எளிதன்று, கட்டுரை அந்த முயற்சியை விளையாட்டாக்குகிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்தக் கவலையை நான் கேலி செய்யமாட்டேன். வேலை நேர்காணலில் ‘கேன் லா’ மட்டும் தெரிந்து உட்காரும் பிள்ளைக்கு நஷ்டந்தான். ஆனால் பழி லாவின் மேல் விழ வேண்டியதில்லை. வீட்டில் ‘வந்துட்டேம்ப்பா’ என்பவர் விண்ணப்பத்தில் ‘வந்துள்ளேன்’ என்று எழுதத் தெரிந்திருக்கிறார். இரண்டும் தெரிந்திருப்பதுதான் தேவை. அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2003இல் சார்ஸ் பரவியபோதும், 2021இல் கோவிட் தடுப்பூசிக்கு மக்களை அழைக்க வேண்டியிருந்தபோதும், பாட்டுப் பாடி ஆட யாரை அழைத்தார்கள்? அதே புவா சூ காங்கைத்தான். காதில் ஏற வேண்டிய செய்தி என்றால் லா வேண்டியிருக்கிறது.

கொடுத்தவர் பட்டியலில் தமிழும் உண்டு. பிராட்டாக் கடைக்காரரைச் சீனர்களும் ‘அண்ணே’ என்கிறார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பிஸ்கட்டும் பத்திரிகையும் விற்கும் சிறுகடை, விற்பவர் யாராக இருந்தாலும், ‘மாமா ஷாப்’. நம் மாமாதான். ‘டேய்’ தேசிய சேவை முகாம்களில் இனம் பார்க்காமல் புழங்குகிறது. ‘ஐயோ’ 2016இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குள் போனபோது, அது எங்களுடையது என்று சீனரும் நாமும் ஒரே நேரத்தில் உரிமை கோரினோம். கோரிய இருவர் வாயிலும் வந்த முதல் சொல் ஐயோவாகத்தான் இருந்திருக்கும். திரும்பி வந்த கடனும் உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்கள் ‘தெரியாது லா’, ‘வா லா’ என்று தமிழிலேயே லா போடுகிறார்கள். கேட்டால் சில பெரியவர்கள் பதறுகிறார்கள். எனக்குப் பதற்றம் வேறு இடத்தில். 2010இல் வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசிய சிங்கப்பூர்வாசிகள் 32.3 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் அது 48.3. இந்திய வீடுகளில் பாதிக்கு மேல். தமிழில் லா போடுகிற பையன் குறைந்தது அந்த வாக்கியத்தைத் தமிழில் தொடங்கியிருக்கிறான்.

ஆகவே சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உம்மையின் எட்டுப் பொருளையும் ஏகாரத்தின் ஐந்து பொருளையும் நடத்தும் நாளில், கரும்பலகையின் ஒரு பாதியில் ‘ஆல்சோ’, ‘லே’, ‘வாட்’ மூன்றையும் எழுதிப் போடுங்கள். ‘தெரியலையே’க்கும் ‘சொன்னேனே’வுக்கும் என்ன வேறுபாடு என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். அந்த இலக்கணத்துக்குத் தமிழில் பெயர் உண்டு என்பதை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.